கட்டியக்காரனும் இம்போங்கியும்: பீனிக்ஸில் நடந்த ஒரு கர்ண மோட்சம்

2022 ஆடி மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸ் பகுதியில், ஒரு மாரியம்மன் கோயில் வளாகத்தில் கர்ண மோட்சம் கூத்துப் போட்டோம். ஆடுபவர், பாடுபவர், மத்தளம், தாளம், திரை பிடிப்பவர் எல்லாம் சேர்த்து 17 பேர். அதில் 7 பேர் பக்கத்து பம்பாயிக் குடியிருப்பிலிருந்து வந்த ஜூலு பிள்ளைகள். அதற்கு ஓராண்டு முன்னால், அதே ஜூலை மாதத்தில், அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ரோட்டில் உயிர்கள் போயின.

அந்தக் கூத்து எப்படி உருவானது, எங்கே சறுக்கியது, அதில் என்ன மிஞ்சியது என்று எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விழுப்புரம் பக்கத்துக்காரன். டர்பனில் வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளிலிருந்து இந்த முயற்சிக்குள் இருந்தவன் என்பதால் வெளியாளின் பார்வை என்னிடம் கிடையாது. கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கமும் காயம் இன்னும் ஆறவில்லை.

கலை அமைதியை வளர்க்கும் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். எந்த நேரத்தில், எந்த வழியில் வளர்க்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் பார்த்தவரை அது நடந்தது ஒத்திகையில்தான். மேடையேறிய இரவு அழகான இரவு, மறுக்கவில்லை. ஆனால் வேலை அதற்கு முன்னாலேயே பாதி முடிந்திருந்தது.

இடமும் பின்கதையும்

தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பீனிக்ஸ் என்றதும் காந்தி 1904-இல் தொடங்கிய பண்ணை நினைவுக்கு வரும். அந்தப் பண்ணை இருந்த இடம் இனாண்டா. இப்போது அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் வீடுகள்தான் பம்பாயி. நம்ம பம்பாய் என்ற பெயரே ஜூலு வாயில் அப்படி ஆகியிருக்கிறது. பக்கத்திலேயே ஜூலு கல்வியாளர் ஜான் டூபே நிறுவிய ஓஹ்லாங்கே பள்ளி. 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது அங்கேதான். டூபே 'இலங்கா' என்ற ஜூலு பத்திரிகையைத் தொடங்கிய அதே 1903-இல்தான் தமிழ்ப் பக்கங்களும் கொண்ட 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியது. இலங்கா என்றால் ஜூலுவில் சூரியன். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்றைய பீனிக்ஸ் நகரியம் வேறு. அது 1976-இல் வெள்ளையர் அரசு இந்தியர்களுக்கென்று கட்டியது. 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கடைசியில் இப்படிப்பட்ட இடங்களில் வந்து சேர்ந்தன. கறுப்பின மக்களுக்கு க்வாமாஷு, இனாண்டா. நடுவில் ஒரு ரோடு, ஒரு ஓடை, கொஞ்சம் புதர். ஒருவரை ஒருவர் கடையிலும் வீட்டு வேலையிலும் மட்டும் சந்திக்கும்படி ஊரையே வரைந்து வைத்தார்கள். ஆட்சி மாறி இத்தனை வருஷம் ஆகியும் அந்த வரைபடம் அப்படியே இருக்கிறது.

ஏற்கெனவே இரண்டு முறை இங்கே ரத்தம் சிந்தியிருக்கிறது. 1949 ஜனவரியில் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஒரு கறுப்பினச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள், அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் கலவரம் மூண்டபோது இந்தியக் குடும்பங்கள் வெளியேறின, காந்தியின் 'சர்வோதயா' வீடு எரிந்தது. அதைத் திரும்பக் கட்டி 2000-இல்தான் திறந்தார்கள்.

மூன்றாவது, 2021 ஜூலை. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜுமா சிறைக்குப் போனதை ஒட்டித் தொடங்கிய கொந்தளிப்பில் நாடு முழுக்க 350 பேர் போல இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, போலீசைக் காணவில்லை. பீனிக்ஸில் தெருமுனைகளில் தடுப்பு போட்டு ஆயுதங்களோடு நின்றார்கள். பயந்துபோய்க் காவலுக்கு நின்றவர்களும் உண்டு, வெறியோடு நின்றவர்களும் உண்டு. பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் இறந்ததாகப் போலீஸ் அமைச்சர் சொன்னார். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்குப் போனவர்கள், பெட்ரோல் தேடி வந்தவர்கள் என்று சும்மா ரோட்டில் போனவர்களும் அதில் இருந்தார்கள். மனித உரிமை ஆணையம் நவம்பரில் டர்பனில் விசாரணை நடத்தியபோது அந்தச் சாட்சியங்களைக் கேட்டு என்னால் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. நம் ஆட்கள் செய்தது இது. அதைச் சொல்லாமல் அமைதியைப் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்கு உரிமை இல்லை.

முதலில் செய்தது தப்பாகப் போனது

2022 தொடக்கத்தில் ஓர் அமைப்பு ஒரு மண்டபத்தில் நல்லிணக்க நிகழ்ச்சி நடத்தியது. நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். குத்துவிளக்கு ஏற்றினார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு பரதநாட்டியம், பம்பாயிப் பிள்ளைகள் இண்ட்லாமு என்ற ஜூலு ஆட்டம், நடுவில் நடுவில் பேச்சு. பின்னால் காந்தியின் பெரிய படம்.

எங்கள் பிள்ளைகள் மண்டபத்தின் இடது பக்கம் உட்கார்ந்தார்கள், அவர்கள் வலது பக்கம். தங்கள் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கமும் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியது. ஒரு பையன் மட்டும் போகும்போது படத்தைக் காட்டி என்னிடம் கேட்டான்: "எங்களைப் பற்றி இவர் எழுதியதைப் படித்திருக்கிறீர்களா?" படித்திருக்கிறேன். காந்தியின் தென்னாப்பிரிக்க ஆரம்ப கால எழுத்துகளில் கறுப்பின மக்களைத் தாழ்த்திச் சொன்ன இடங்கள் உண்டு. அவர் பிறகு வளர்ந்தார், மாறினார் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் துக்கம் விழுந்த வீட்டுப் பையனிடம் அதை வாதமாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. "படித்திருக்கிறேன், தப்புதான்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பின்னால் எங்கள் கூத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கலை என்றாலே அது அன்பின் பக்கம்தான் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நிறவெறிக்கு எதிராக 'சரஃபினா' என்ற இசை நாடகத்தைத் தந்த அதே ம்போங்கெனி ங்கேமா 2002-இல் 'அமாந்தியா' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். இந்தியர்கள் மீது பழி சுமத்திய பாட்டு. ஒலிபரப்புப் புகார் ஆணையம் அதை வெறுப்புப் பேச்சு என்று தீர்மானித்தது. மண்டேலாவே தலையிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஒரே கைதான், இரண்டு வேலை செய்தது. யாரோடு உட்கார்ந்து, யார் காதில் விழும்படி ஒரு பாட்டைக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

கூத்து ஏன், கர்ணன் ஏன்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் இங்கே வந்தார்கள். பெரும்பான்மை தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்களோடு கூத்தும் வந்தது. இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். இன்றைக்குத் தமிழ் பேசும் வீடுகள் குறைந்துவிட்டன. கூத்துப் பாடுபவர்களே பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். ஆனாலும் ராகம் போகவில்லை, கால் சலங்கை போகவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வாத்தியார் அப்படிப்பட்டவர். அறுபது தாண்டியவர், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அண்ணன். பம்பாயிப் பக்கம் ஒரு பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை கைகொடுத்தார். பிள்ளைகள் அவரைத் தீஷா என்பார்கள். டீச்சர் என்பதுதான் ஜூலுவில் அப்படி.

பாஞ்சாலி சபதம் போடலாம் என்றுதான் அண்ணன் முதலில் சொன்னார். தீஷா கதையைக் கேட்டுவிட்டு, "முடி அவிழ்த்து ரத்தம் கேட்கிற கதை இந்த வருஷம் வேண்டாமே" என்றார். சரி என்று கர்ணனைச் சொன்னோம். எதிரில் நிற்பவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்தும் வெளியே சொல்லாமல் அண்ணன் சண்டை போடுகிறான், அண்ணன் என்று தெரியாமல் தம்பி அம்பு விடுகிறான், செத்த பிறகு தாய் ஓடிவந்து மடியில் போட்டு "மகனே" என்று ஊரறியக் கதறுகிறாள். தீஷா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதைப் போடலாம்" என்றார்.

ஒத்திகை

பிப்ரவரி கடைசியில் சனிக்கிழமை மதியங்களில் ஆரம்பித்தோம். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும், பம்பாயிப் பிள்ளைகள் டாக்சி பிடித்துப் போக வேண்டும், டாக்சிக் காசு நாங்கள் தர வேண்டும். இந்த மூன்று விதியை முதல் வாரமே எழுதி ஒட்டினோம். சின்ன விஷயமாகத் தெரியும். காசு கிடைக்காத ஒரு வாரம் நாலு பேர் வரவில்லை.

முதல் மூன்று வாரம் ஒன்றும் சரியாக இல்லை. ஒரு தாய் வந்து, "இந்தத் தெருவில் என் பிள்ளைக்கு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டார். கோயில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், அறிமுகமில்லாத பையன்கள் வந்து போவதைப் பற்றி என்னிடம் தனியாக முறையிட்டார். இரண்டு பேருக்கும் அண்ணன் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வந்து உட்கார்ந்து பாருங்க." அந்தத் தாய் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இறுக்கத்தைத் தளர்த்தியது 'ழ'. எங்கள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது வராது, ஜூலு பிள்ளைகளுக்கும் வராது. "அழாதே" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அத்தனை பேரும் தவித்தோம். பதிலுக்கு அவர்கள் எங்களுக்கு 'உக்ஸோலோ' என்ற சொல்லைக் கொடுத்தார்கள். நான் எழுதியிருப்பது சரியான ஒலிப்பு இல்லை. மாட்டு வண்டி ஓட்டும்போது நாக்கைக் கடைவாய்ப் பக்கம் ஒட்டிச் சொடுக்குவோமே, அந்தச் சொடுக்கு அந்தச் சொல்லின் நடுவில் வரும். அடவு பழகும்போது ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டே இருப்போம். இடித்தவர் உக்ஸோலோ சொல்ல வேண்டும் என்று ஆனது. ஜூலுவில் அந்தச் சொல்லுக்கு மன்னிப்பு என்றும் பொருள், அமைதி என்றும் பொருள் என்று தீஷா சொன்னது பல வாரம் கழித்துத்தான். அதுவரை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில் வெள்ளம் வந்தது. மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோன வெள்ளம். பம்பாயியில் இரண்டு பிள்ளைகளின் வீட்டுச் சுவர் போய்விட்டது, எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் இல்லை. ஒத்திகை ஐந்து வாரம் நின்றது. நான் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் கர்ணனாக ஆடும் பையன் தன் அப்பாவின் பக்கியில், அதாவது சின்னச் சரக்கு வண்டியில், இரண்டு கூரைத் தகரத்தை ஏற்றிக்கொண்டு பம்பாயிக்குப் போயிருக்கிறான். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒன்பது மாதம் முன்னால் அந்த வண்டி அந்தப் பக்கம் போயிருக்காது.

"இவன் அப்பா யார்?"

தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து ராஜா வருவதைச் சொல்வான், பட்டங்களை அடுக்குவான், இடையில் ராஜாவையே கிண்டலும் செய்வான். ஜூலு மரபில் இந்த வேலையை இம்போங்கி செய்கிறான். அரசனின் புகழைப் பொழிகிறவன், அரசனின் குற்றத்தை முகத்துக்கு நேரே சொல்லவும் உரிமை உள்ளவன். இரண்டையும் ஒரே காட்சியில் வைத்துவிடலாம் என்று தீஷா சொன்னதும் அண்ணன் கைதட்டிவிட்டார். மண்டபத்தில் காந்தியைப் பற்றிக் கேட்டானே, அந்தப் பையன் இம்போங்கி ஆனான்.

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு சிக்கலோடு வந்தான். இம்போங்கி ஒருவனைப் புகழ வேண்டுமென்றால் அவன் குலத்தின் புகழ்ப்பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இசிதகஸெலோ என்பார்கள். "கர்ணனின் குலப்பெயர் என்ன? இவன் அப்பா யார்?"

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கர்ணனிடம் ஊரே கேட்ட கேள்வி அதுதானே. வில் போட்டி அரங்கில் அவன் தலைகுனிந்து நின்றது இந்தக் கேள்விக்கு முன்னால்தான். பையன் அந்தக் கதையைக் கேட்கவில்லை, தன் மரபின் வழியாக நேரே அந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"அவன் அப்பா சூரியன். ஆனா அது அவனுக்கே ரொம்ப நாள் தெரியாது" என்றார் அண்ணன்.

"இலங்கா?"

"ஆமா, இலங்கா."

பையன் சிரித்தான். லங்கா என்று இங்கே குடும்பப் பெயரே உண்டு. "அப்ப இவன் எங்க ஆளு" என்றான்.

இது ஏதோ நாங்களே கண்டுபிடித்தது என்று சொல்ல வரவில்லை. டர்பனில் சூரியா கோவெண்டர் நடத்திய சூர்யலங்கா நடனக் குழு எங்களுக்கு வெகு காலம் முன்பே பரதத்தையும் ஜூலு ஆட்டத்தையும் இணைத்திருக்கிறது. பெயரிலேயே இரண்டு மொழிச் சூரியன் இருக்கிறது. அந்த வழியில் நடந்தவர்கள் இருந்ததால்தான் எங்களுக்குத் துணிச்சல் வந்தது.

அந்த இரவு

ஆடிக் கூழ் ஊற்றும் சனிக்கிழமை. இங்கே கூழ் சோள மாவில்தான், முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றது நாங்கள் ஆயா என்று கூப்பிடும் பாட்டி, வயது 79. கேட்டோ மேனரில் பிறந்தவர். 1949-இல் ஆறு வயதுக் குழந்தையான அவரையும் தங்கையையும் பக்கத்து ஜூலு வீட்டம்மா கட்டிலுக்கு அடியில் போட்டு, மேலே போர்வையைத் தொங்கவிட்டுக் காப்பாற்றியிருக்கிறார். ஒரு பம்பாயிப் பெண் கூழை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது அமஹேவு!" என்றாள். அவர்கள் வீட்டில் புளிக்கவைத்துக் குடிக்கும் அதே சோளக் கஞ்சி. வெங்காயமும் பச்சை மிளகாயும் மட்டும் புதுசு. ஆயா அவளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

எட்டு மணிக்குத் திரை பிடித்தார்கள். பின்னால் கர்ணனின் கிரீடத்து நுனி மட்டும் தெரிகிறது, சலங்கை கேட்கிறது. கட்டியக்காரன் இந்தப் பக்கமிருந்து தமிழில் கட்டியம் சொல்கிறான். அந்தப் பக்கமிருந்து இம்போங்கி கோலைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கிறான், தொண்டை அறுபட்டுவிடுமோ என்னும் வேகத்தில் ஜூலுவில் பொழிகிறான். "லங்கா!" என்று அவன் குரல் உயர்ந்தபோது பின்வரிசையில் இருந்த பம்பாயிப் பெண்கள் குலவையிட்டார்கள். நம் பெண்களுக்கும் குலவை தெரியும். இரண்டும் கலந்து எது யாருடையது என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அந்த வளாகத்தில் எழுந்தது.

சாவுக் காட்சியில் என் மாணவி குந்தியாக உட்கார்ந்தாள், ஒப்பாரியை ஓரத்தில் இருந்து ஆயா பாடினார். கர்ணன் தலை மடியில். அப்போது கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து வெளியே போனார். தீஷாவும் பின்னாலேயே போனார். அந்தப் பெண் 2021-இல் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் என்பது எங்களுக்குத் தெரியாது. முன்கூட்டியே விசாரித்து, இப்படி ஒரு காட்சி வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். இதை எங்கள் பெரிய தவறாகவே பதிவு செய்கிறேன். அவர் கூத்து முடியும்வரை உள்ளே வரவில்லை. ஆயா பாடி முடித்து வெளியே போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இருவருக்கும் பொது மொழி கொஞ்சம்தான். அரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

பிறகு

கொலைகளுக்கு நீதி என்பது கோர்ட்டின் வேலை, எந்தக் கூத்தும் அதற்கு ஈடாகாது. மனித உரிமை ஆணையத்தின் அறிக்கையே 2024 ஜனவரியில்தான் வந்தது. வேலையில்லாத இளைஞர்கள் அப்படியே இருக்கிறார்கள். எங்கள் 17 பேரில் இரண்டு பேர் அடுத்த மாதமே நின்றுவிட்டார்கள்.

மாறியது என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2021-இல் பயத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது வாட்ஸ்அப் குரல் செய்திகள்தான். "வருகிறார்கள், கூட்டமாக வருகிறார்கள்" என்று. கூத்து முடிந்த சில மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அதே மாதிரி ஒரு செய்தி எங்கள் தெருவில் சுற்றியது: பம்பாயிப் பக்கமிருந்து ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு வீட்டில் ஆண்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். கர்ணனாக ஆடியவன் போனை எடுத்து இம்போங்கியைக் கூப்பிட்டான். ஒரு பாட்டியின் அடக்கத்துக்கு முந்தின இரவு விழிப்பு அது, உம்லின்டெலோ. சொந்தக்காரர்கள் பாடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறார்கள். பையன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவில் எல்லோருக்கும் கேட்க வைத்தான். பாட்டும் கேட்டது. ஆண்கள் உள்ளே போனார்கள். மறுநாள் காலை அண்ணனும் நானும் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை சோள மாவு கொண்டுபோனோம்.

அந்த நம்பர் அவன் போனில் இருந்தது ஒத்திகையால். டாக்சி கிளம்பியதா, யார் வரவில்லை என்று நாலு மாதம் மாறி மாறிக் கூப்பிட்டதால். மண்டபத்து நிகழ்ச்சியில் யாரும் யார் நம்பரையும் வாங்கவில்லை.

அடுத்த வருஷ ஆடிக்கும் கர்ண மோட்சமே போட்டோம். இந்தத் தடவை சாவுக் காட்சியைப் பற்றி வீடு வீடாகப் போய் முன்பே சொன்னோம். குந்தி வேஷத்தை, கூழை அமஹேவு என்று சொன்ன பெண் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஒப்பாரியும் தானே பாடுவேன் என்றாள். ஆறு வாரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆயா வீட்டுத் திண்ணையில் பாடம் நடந்தது. "மகனே" என்பதை அவள் முதலில் வெட்டி வெட்டிச் சொன்னாள். ஆயா அவள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே, "இழு, இன்னும் இழு" என்றார். அவள் இழுத்தாள்.